புருவத்துக்கு மேலே ஓர் அங்குலம்

குடியரசு தின அணிவகுப்பு எனக்கு முதலில் காது வழியாகத்தான் அறிமுகமானது. எழுபதுகளின் தொடக்கம். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து அலுவலக வாசலில், வேப்பமரக் கிளையில், ஒரு குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். ஜனவரி 26 அன்று பள்ளியில் கொடியேற்றி, ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து அனுப்பியதும் நேரே அந்த மரத்தடிக்கு ஓடுவோம். டெல்லியிலிருந்து நேர்முக வருணனை வரும். இந்தியும் ஆங்கிலமுமாகப் பேசுவார்கள். எங்களுக்குப் புரிந்தது கொஞ்சம்தான். வருணனையாளர் ஜஸ்தேவ் சிங்கின் குரல் உயர்ந்தால் ஏதோ பெரிய படைப்பிரிவு வருகிறது என்று ஊகித்துக்கொள்வோம். பேண்டு வாத்தியம் தூரத்தில் தொடங்கி, நெருங்கி, கடந்து, தேய்ந்து போகும். தேசிய கீதம் ஒலிக்கும் 52 வினாடிகளுக்குள் 21 குண்டுகளும் முழங்கி முடியும். எதிரே டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள்.

மேடையில் இருந்த தலைவர்களில் யார் கை எங்கே இருந்தது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே யாருக்கும் தோன்றியதில்லை. குடியரசுத் தலைவர் மரியாதையை ஏற்றுக்கொண்டார் என்று மறுநாள் பேப்பரில் ஒரு வரி வரும். அதுவே போதுமானதாக இருந்தது.

சல்யூட் என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பி.டி. மாஸ்டர். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். பள்ளியின் என்.சி.சி. மாணவர்களுக்குக் கவாத்து சொல்லிக் கொடுப்பதும் அவர்தான். வலது கை பக்கவாட்டில் நீண்டு, வளைந்து, ஆள்காட்டி விரல் நுனி புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே வந்து நிற்க வேண்டும். உள்ளங்கை எதிரே நிற்பவருக்குத் தெரிய வேண்டும். மேலே போகும்போது நீளமான வழி, இறங்கும்போது குறுக்கு வழி. ராணுவத்தின் சல்யூட் இப்படி. கடற்படைக்காரர் உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைப்பார். விமானப்படை ரொம்ப காலம் ராணுவத்தைப் போலவே செய்துவந்து, 2006-இல் கையைச் சாய்த்து வைக்கும் தனி முறைக்கு மாறியது. இந்த நுணுக்கமெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டவை. மாஸ்டரிடம் முதல் நாளே கற்றது வேறொன்று.

"தொப்பி இருந்தாத்தான் கை மேல போகணும். தொப்பி இல்லையா? அட்டென்ஷன். அதுவே முழு மரியாதை. அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது."

பின்வரிசையில் ஒருவன் கேட்டான்: "சார், சும்மா நிக்கிறது மரியாதையா?"

"நின்னு பாரு, தெரியும்" என்றார்.

நிற்க வைத்தார். குதிகால்கள் ஒட்டியிருக்க, பாதங்கள் 30 டிகிரி விரிந்திருக்க, மூடிய கைகளின் கட்டைவிரல் கால்சட்டைத் தையலோடு பொருந்தியிருக்க, பார்வை நேர்கோட்டில். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் கை போகக் கூடாது. காலை வெயில் கழுத்தில் இறங்கும். சில நிமிடங்களில் முழங்கால் நடுங்கத் தொடங்கும். சிலர் சரிந்தே விழுவார்கள். ஷூவுக்குள் கால்விரல்களை மட்டும் மெதுவாக அசைத்துக்கொண்டால் ரத்தம் ஓடும், மயக்கம் வராது என்று மாஸ்டர் சொல்லித் தருவார். அசையாமல் நிற்பதற்கு உடம்பு முழுவதும் வேலை செய்தாக வேண்டும் என்று அந்த மைதானத்தில்தான் எங்களுக்கு விளங்கியது. சல்யூட்டுக்கு ஒரு கை போதும்.

எங்கள் பள்ளியில் ஆகஸ்ட் 15-க்குக் கொடியேற்ற வந்தவர் பெரும்பாலும் ஊரில் இருந்த ஒரு தியாகி. சிறை சென்றவர். முழங்கைவரை கதர்ச் சட்டை, தோளில் துண்டு. கயிற்றை இழுப்பார், முடிச்சு அவிழும், உள்ளே வைத்துச் சுருட்டிய சாமந்தி இதழ்கள் அவர் தலையில் உதிரும். அண்ணாந்து பார்த்து இரண்டு கைகளையும் கூப்புவார். கோயிலில் கும்பிடுவதைப் போலவே இருக்கும். பக்கத்தில் தலைமையாசிரியர் வேட்டியில், கைகள் தொங்க, விறைப்பாக நிற்பார். இன்னொரு பக்கம் பி.டி. மாஸ்டர் காக்கிச் சீருடையும் தொப்பியுமாகச் சல்யூட்டில் நிற்பார். ஒரே கொடியின் கீழ் மூன்று பேர், மூன்று வகை வணக்கம். மூன்றில் எது உயர்ந்தது என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. சிறைக்குப் போய்வந்த மனிதரிடம் போய், ஏன் கையை நெற்றிக்குக் கொண்டுபோகவில்லை என்று கேட்கும் துணிச்சல் அன்றைக்கு எவனுக்கும் வந்திருக்காது.

பிறகு டெலிவிஷன் வந்தது. 1982-க்குப் பிறகு டெல்லி நிகழ்ச்சிகள் நாடு முழுக்க ஒளிபரப்பாக, காதால் கேட்ட ராஜபாதையைக் கண்ணால் பார்த்தோம். 1950-இல் முதல் அணிவகுப்பு இர்வின் ஸ்டேடியத்தில்தான் நடந்தது, 1955-இலிருந்துதான் ராஜபாதை நிரந்தர இடமானது என்பதையெல்லாம் வகுப்பில் சொல்லும் ஆசிரியனாக அப்போது ஆகியிருந்தேன். அப்போதெல்லாம் பிரதமர் முதலில் அமர் ஜவான் ஜோதியில் மலர்வளையம் வைப்பார். குடியரசுத் தலைவர் குதிரைப்படை மெய்க்காவலர் சூழ வருவார். கொடி விரியும். கீதம், குண்டு முழக்கம். பிறகு ஒவ்வொரு படைப்பிரிவும் மேடையைக் கடக்கும்போது தலைகள் ஒரே நொடியில் வலப்பக்கம் திரும்பும். மேடையிலிருந்து குடியரசுத் தலைவர் கையை உயர்த்தி அதை ஏற்றுக்கொள்வார்.

திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனும், பட்டுக்கோட்டைப் பக்கத்து வெங்கட்ராமனும், ராமேசுவரத்துக் கலாமும் அந்த இடத்தில் நின்று முப்படைகளின் மரியாதையை ஏற்றவர்கள். தத்துவப் பேராசிரியர், வழக்கறிஞர், விஞ்ஞானி. மூவரில் ஒருவரும் துப்பாக்கி தூக்கிய படைவீரர் அல்லர். அரசியல் சட்டத்தின் 53-ஆவது பிரிவு முப்படைகளின் உச்சத் தலைமையை அவர்களிடம் கொடுத்திருந்தது. என் மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: பீரங்கியும் டாங்கியும் வைத்திருப்பவர்கள், ஒன்றும் வைத்திராத ஒரு மனிதரைப் பார்த்துத் தலை திருப்புகிறார்கள், பாருங்கள். நமக்கு ஒரு நாள் முன்னால் விடுதலை பெற்ற பாகிஸ்தானில் 1958-இலும் 1977-இலும் 1999-இலும் தளபதிகள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். அங்கே சீருடை மேடையேறியது. இங்கே சீருடை மேடைக்குக் கீழே நடந்து போகிறது. குடியரசு தினத்தில் நான் காட்ட விரும்பிய காட்சி அது ஒன்றுதான்.

அப்படியிருக்க, 2015 வந்தது.

அந்த ஆண்டு சிறப்பு விருந்தினர் ஒபாமா. அமெரிக்க அதிபர் ஒருவர் நம் குடியரசு தினத்துக்கு வருவது அதுவே முதல்முறை. காலையில் டெல்லியில் தூறல். அணிவகுப்பு முடிந்து கொஞ்ச நேரத்திலேயே என் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. மேடையில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி சல்யூட்டில் நிற்கிறார். பிரதமர் மோடியின் கையும், பாதுகாப்பு அமைச்சர் பாரிக்கரின் கையும் நெற்றியில் இருக்கின்றன. குடியரசுத் துணைத் தலைவர் ஹமீது அன்சாரி கைகளைத் தொங்கவிட்டு நேராக நிற்கிறார். அவரைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். கீழே ஒரு கேள்வி: இவருக்கு ஏன் கை எழவில்லை? அதற்கும் கீழே எழுதப்பட்டிருந்தவை அவருடைய கையைப் பற்றியவை அல்ல, மதத்தைப் பற்றியவை. அவற்றை இங்கே எழுத மாட்டேன். அதே மேடையில் ஒபாமாவும் கையை உயர்த்தாமல்தான் நின்றார். வட்டம் அன்சாரியைச் சுற்றித்தான் இருந்தது.

படத்தைப் பார்த்ததும் எனக்கு பி.டி. மாஸ்டர் நினைவு வந்தது. அன்சாரி நின்ற நிலையை அவர் பார்த்திருந்தால் குறை சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

அன்றே துணைத் தலைவர் அலுவலகம் விளக்கம் கொடுத்தது. தேசிய கீதத்தின்போது நிகழ்ச்சியின் முதன்மைப் பிரமுகரும் சீருடை அணிந்தவர்களும் சல்யூட் செய்வார்கள். சாதாரண உடையில் இருப்பவர்கள் அட்டென்ஷனில் நிற்பார்கள். குடியரசு தினத்தில் முதன்மைப் பிரமுகர் குடியரசுத் தலைவர், உச்சத் தளபதி என்ற முறையில் மரியாதையை ஏற்பவர் அவர். துணைத் தலைவர் முதன்மைப் பிரமுகராக இருந்த என்.சி.சி. முகாமில், அதே மாதத்தில், தலையில் தொப்பியோடு அன்சாரி சல்யூட் செய்திருக்கிறார். தொப்பி வரை விளக்கம் சரியாக இருந்தது. அதாவது அந்த மேடையில் விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்த மனிதரைப் பிடித்து, விதி தெரியாதவர்கள் தேசபக்திக்குச் சாட்சி கேட்டார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் ஆறவில்லை.

இந்திய தேசியக் கொடிச் சட்டக்கோவை 2002 ஜனவரி 26 முதல் நடப்பில் இருக்கிறது. பள்ளியில் விழாப் பொறுப்பு என்னிடம் இருந்ததால் அதை வரி வரியாகப் படித்திருக்கிறேன். கொடி ஏறும்போதும் இறங்கும்போதும், அணிவகுப்பில் கொடி கடந்து போகும்போதும், இருப்பவர்கள் அனைவரும் கொடியை நோக்கித் திரும்பி அட்டென்ஷனில் நிற்க வேண்டும். சீருடையில் இருப்பவர்கள் அதற்குரிய சல்யூட் செய்ய வேண்டும். மரியாதையை ஏற்கும் பிரமுகர் தலையில் தொப்பி இல்லாமலும் ஏற்கலாம். அவ்வளவுதான். சாதாரண உடையில் வந்த அமைச்சரோ ஆசிரியரோ விவசாயியோ கையை உயர்த்த வேண்டும் என்று அந்தப் பகுதியில் ஒரு வரிகூட இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு மட்டும் தனி ஏற்பாடு உண்டு, அது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. மாணவர்கள் சதுரத்தின் மூன்று பக்கங்களாக நிற்க வேண்டும். நான்காவது பக்கத்தின் நடுவில் கொடிக்கம்பம். தலைமையாசிரியரும் மாணவர் தலைவரும் கொடியேற்றுபவரும் கம்பத்துக்கு மூன்று அடி வைப்பு பின்னால் நிற்பார்கள். ஒவ்வொரு வகுப்புத் தலைவனும் முன்னால் வந்து மாணவர் தலைவனுக்குச் சல்யூட் செய்வான். மாணவர் தலைவன் தலைமையாசிரியருக்குச் செய்வான். தலைமையாசிரியர் பதிலுக்குச் செய்வார். கொடி விரிந்ததும் எல்லாப் பிள்ளைகளும் சிறிது நேரம் சல்யூட்டில் நிற்பார்கள். கட்டளை வந்ததும் கைகள் இறங்கும். அதன் பிறகுதான் தேசிய கீதம். கீதம் முழுவதும் அட்டென்ஷன் மட்டும். ஆகவே சல்யூட் சிப்பாய்க்கு மட்டுமே உரியது என்று நான் வாதிட மாட்டேன். குழந்தைகளுக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தையும் ஒழுங்காக, அளவாக, எப்போது கை ஏறும், எப்போது இறங்கும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது பல பள்ளிகளில் கீதம் முடியும்வரை பிள்ளைகள் கையை நெற்றியில் வைத்துக்கொண்டே பாடுகிறார்கள். சொல்லித்தர ஆளில்லை என்பது தவிர அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

குழுவில் நான் இதையெல்லாம் எழுதினேன். ராணுவத்தில் ஹவில்தாராக இருக்கும் ஒரு பழைய மாணவன் முதலில் பதில் போட்டான்: "சார் சொல்றது சரி. தொப்பி இல்லாம நாங்களே அடிக்க மாட்டோம்." ஜவுளிக்கடை வைத்திருக்கும் இன்னொருவன் எழுதினான்: "ரூல் இருக்கட்டும் சார். மனசு இருந்தா கை தானா எழும்பாதா?"

அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கை தானாக எழும்பத்தான் செய்கிறது. டிவியில் அணிவகுப்பு ஓடும்போது என் பேத்தி சோபாமேல் ஏறி நின்று சல்யூட் அடிக்கிறாள். அவளைத் தடுக்க எனக்கு மனம் வராது. அன்றைக்குப் பிரதமர் கையை உயர்த்தியதற்கும் நான் குறை சொல்லவில்லை, அது அவர் மனத்தில் எழுந்த வணக்கமாக இருக்கட்டும். ஆகஸ்ட் 15-இல் செங்கோட்டையில் முப்படையும் டெல்லி போலீசும் கொடுக்கும் அணிவகுப்பு மரியாதையை ஏற்பவரே பிரதமர்தான், அங்கே அவர் கை எழுவது முறையும்கூட. எனக்கு ஆகாதது ஒன்றே ஒன்று. ஒருவருடைய உள்ளத்திலிருந்து எழும் கையைக் காட்டி, விதிப்படி அசையாமல் நிற்கும் இன்னொருவரைத் துரோகி என்பது. மனத்திலிருந்து வருவதைக் கட்டாயமாக்கிவிட்டால் அது மனத்திலிருந்து வருவதாக இருக்காது. நெற்றிக்கு எழும் கைகளில் எது அன்பு, எது பயம் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். இதைத்தான் அவனுக்கு எழுதினேன். அவன் பதில் எழுதவில்லை. 

அமெரிக்காவில் இந்தப் பழக்கம் வேறு வழியில் வளர்ந்தது. அதிபரும் சீருடை அணியாதவர்தான், அவரும் உச்சத் தளபதிதான். 1981-இல் பதவிக்கு வந்த ரீகன், படைவீரர்கள் செய்யும் சல்யூட்டுக்குக் கையை உயர்த்திப் பதில் செய்வதை வழக்கமாக்கினார். பின்வந்தவர்கள் தொடர்ந்தார்கள். வழக்கம் கடமையானது, கடமை சோதனையானது. 2014 செப்டம்பரில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய ஒபாமா, காப்பிக் கோப்பை பிடித்த கையாலேயே சல்யூட் செய்துவிட்டார் என்று அந்த நாடு பேசித் தீர்த்தது. நான்கு மாதம் கழித்து அவர் டெல்லி மேடையில் நின்றபோது அந்தச் சர்ச்சையின் சூடு ஆறியிருந்திருக்குமோ என்னவோ. அமெரிக்காவில் சாதாரணக் குடிமக்கள் கீதத்தின்போது வலது கையை நெஞ்சில் வைத்து நிற்பார்கள். பிரிட்டனில் போர்நினைவு ஞாயிறன்று பிரதமர் மலர்வளையம் வைத்துவிட்டுத் தலை குனிவார், கையை உயர்த்துவதில்லை. நாட்டுக்கு நாடு முறை உண்டு. நம் முறை நிமிர்ந்து நிற்பது. அதில் எனக்குப் பெருமை உண்டு. யாருக்கும் தலை குனியாமல், யாரைப் போலவும் பாவிக்காமல், குடிமகனாக நிற்பது.

நிற்பது போதுமா என்ற கேள்வி நம் உச்ச நீதிமன்றம் வரை போய் வந்திருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசிரியர் அறையில் பெரிதாக விவாதிக்கப்பட்ட வழக்கு. கேரளத்தில் ஒரு பள்ளியில் மூன்று பிள்ளைகள், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். அவர்களுடைய நம்பிக்கை அப்படி. 1985 ஜூலையில் அவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். உயர் நீதிமன்றத்தில் அவர்களுக்குப் பரிகாரம் கிடைக்கவில்லை. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பில், அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, மரியாதையோடு எழுந்து நிற்பவர் கீதத்தை அவமதிக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் கீதத்தைப் பொறுத்தவரை தண்டிப்பது, பாடவிடாமல் தடுப்பவரையும் பாடும் கூட்டத்தைக் குலைப்பவரையும்தான். எங்கள் ஆசிரியர் அறையில் அன்றைக்கு இரண்டு கட்சிகள் இருந்தன. குரல் உயர்ந்தது, மேஜை தட்டப்பட்டது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. அவர்கள் படம் யார் கையிலும் இல்லை. அவர்களைச் சுற்றி வட்டம் போட ஒரு வழியும் இல்லை. வாதம் விதியைப் பற்றியதாகவே இருந்தது. 1986-க்கும் 2015-க்கும் நடுவில் நாம் இழந்தது அது என்று நினைக்கிறேன்.

கொடிக்கயிறு யார் கையில் இருக்கலாம் என்ற கதையும் தமிழ்நாட்டுக்கு உண்டு. ஒரு காலத்தில் சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் மாநிலங்களில் ஆளுநர்களே கொடியேற்றினார்கள். டெல்லியில் பிரதமர் செங்கோட்டையில் ஏற்றும்போது மாநிலத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வர் ஏன் ஏற்றக் கூடாது என்று கருணாநிதி கேட்டார். 1974 ஆகஸ்ட் 15 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் அவர் கொடியேற்றினார். நாடு முழுக்க முதல்வர்களுக்கு அந்த உரிமை கிடைத்தது. அன்றிலிருந்து ஆகஸ்ட் 15 முதல்வருக்கு, ஜனவரி 26 ஆளுநருக்கு. அதே கோட்டையில் 1932-இல் விடுதலைப் போராட்ட வீரர் ஆர்யா பாஷ்யம் ஏறிக் கொடி கட்டியபோது அது குற்றம். அதே ஆண்டு ஜனவரியில் திருப்பூரில் குமரன் கொடியைப் பிடித்தபடி அடிபட்டுச் செத்தார். கொடியைப் பிடிப்பது என்றால் இங்கே அப்படி ஒரு பொருள் இருந்தது.

ஆகவே 2020-இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் நடந்ததைப் படித்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியல் சாதிப் பெண், ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றவிடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியே வந்து, மாவட்ட நிர்வாகம் தலையிட்டு, ஆகஸ்ட் 20 அன்று அவர் கொடியேற்றினார். இரண்டு ஆண்டு கழித்து, எந்த ஊராட்சியிலும் சாதிப் பாகுபாடு இல்லாமல் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்ய வேண்டும் என்று தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. எழுபத்தைந்தாவது ஆண்டு விழாவுக்காக வீட்டுக்கு வீடு கொடி ஏற்றச் சொன்ன அதே ஆகஸ்ட் அது. கொடிச் சட்டக்கோவையைத் திருத்தி, பாலியஸ்டர் துணிக்கும் இரவில் பறப்பதற்கும் அனுமதி கொடுத்திருந்தார்கள். எந்தத் துணி, எத்தனை மணிவரை என்பதற்கெல்லாம் திருத்தம் வந்த வேகத்தில், கயிற்றைத் தொட இன்னாருக்கு உரிமை இல்லை என்று நினைப்பவர்களின் புத்திக்குத் திருத்தம் வரவில்லை. துணைத் தலைவரின் கைக்கு வட்டம் போட்டவர்களில் எத்தனை பேர் ஆத்துப்பாக்கத்துப் படத்தை அனுப்பினார்கள் என்று தேடினேன். என் கைப்பேசிக்கு ஒருவரும் அனுப்பவில்லை.

ஓய்வுக்குப் பிறகும் விழா நாட்களில் பள்ளிக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். வரிசை அமைப்பது, கொடி மடிப்பது, பிள்ளைகளுக்குக் கட்டளை சொல்லிக் கொடுப்பது என் வேலை. எங்கள் ஊராட்சித் தலைவரும் பெண்தான். நூறு நாள் வேலையில் மண் சுமந்தவர், இப்போது இரண்டாவது முறையாகத் தேர்தலில் வென்றிருக்கிறார். போன குடியரசு தினத்துக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வந்தார்.

"சார், கொடி ஏத்தினதும் நான் சல்யூட் அடிக்கணுமா? போன தடவை கும்பிட்டேன். அதை யாரோ போட்டோ எடுத்து, தலைவருக்கு மரியாதை தெரியலன்னு குரூப்புல போட்டுட்டாங்க."

"நிமிர்ந்து நில்லுங்க போதும். கொடியைப் பாருங்க. பாட்டு முடியுறவரை அசையாதீங்க. அதுதான் சட்டத்துல இருக்கு" என்றேன். பெட்டியிலிருந்து சட்டக்கோவைப் பிரதியை எடுத்து அந்தப் பகுதியைப் படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டார்.

"கும்பிட்டா தப்பா?"

"எங்க பள்ளிக்கூடத்துல ஜெயிலுக்குப் போய்ட்டு வந்த தியாகி கும்பிட்டுத்தான் நின்னாரு. தப்புன்னு சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நின்னுக்கிறேன் சார். சட்டத்துல இருக்குறபடியே நிக்கிறேன். யாராச்சும் கேட்டா இந்தப் பக்கத்தைக் காட்டலாம்ல? ஒரு ஜெராக்ஸ் குடுங்க." எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார். "முடிச்சைப் போன தடவ ரொம்ப இறுக்கிட்டாங்க சார். இழுக்க இழுக்க அவிழல. பின்னாடி நின்ன ஆளு கயிறை வாங்கப் பாத்தான். நான் குடுக்கல. இந்த வாட்டி முடிச்சை நீங்களே போடுங்க."

முந்தின நாள் சாயங்காலம் கப்பிக்கு எண்ணெய் விட்டு, கொடியை மடித்து, இதழ் வைத்து, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போட்டேன். அவரையே இழுத்துப் பார்க்கச் சொன்னேன். சரியாக வந்தது. மறுபடி மடித்துக் கட்டினோம்.